முழங்கைக்கும் ஈரலுக்கும் நடுவே நான்

ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பு என்பது மற்றவர்களுடைய பயத்தைச் சம்பளத்துக்குச் சுமக்கிற தொழில். மொன்றியலில் டாக்குத்தர் பிரெஞ்சில் சொல்வதைத் தமிழிலும், எங்கள் ஆட்கள் தமிழில் சொல்வதைப் பிரெஞ்சிலும் மாற்றிச் சொல்லுவதுதான் என் வேலை. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, அழக் கூடாது. முதல் மூன்றும் வேலை விதிகளில் இருக்கின்றன. நாலாவதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. காலையில் சிறுநீரக வருத்தக்காரர் ஒருவருக்குக் கதைத்துவிட்டு வந்தால் மத்தியானம் எனக்கு இடுப்பில் நோகும். பின்னேரம் இருதயம் என்றால் மெட்ரோவில் வரும்போதே இடது கையைத் தடவத் தொடங்கிவிடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சம் போட்டுக் காட்டுகிற ஸ்கான் படமும் பேய்தான். அம்மாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போய், டாக்குத்தர் சொன்னதில் பாதி விளங்காமல், விளங்கிய பாதியைச் சொல்லத் துணிவும் இல்லாமல் நீங்கள் எப்போதாவது நின்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் இனம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எத்தனையோ பேருக்குக் கதைத்திருக்கிறேன். ஆனால் என் சோற்றையும் நித்திரையையும் கெடுத்தவர் சிவபாலன் அண்ணைதான். பெயரை மாற்றியிருக்கிறேன், பயத்தை மாற்றவில்லை. லாசால் பகுதியில் மனைவி வதனி அக்காவோடு இருக்கிறவர். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்பதால் தக்காளி, கத்தரிக்காய், விலை, மிச்சக் காசு வரைக்கும் பிரெஞ்சு வரும். உடம்புக்குள் இருப்பவற்றுக்கு வராது. முன்பொரு பனிக்காலத்தில் சறுக்கி விழுந்து வலது முழங்கை நொறுங்கி, செயற்கை மூட்டு வைத்தவர். அந்த மூட்டு ஆடத் தொடங்கியதால்தான் நான் அவரைச் சந்தித்தேன்.

சாமியின் பாரம்

முழங்கை டாக்குத்தர் ஒரு மெலிந்த அம்மா. மெதுவாகக் கதைப்பா, அதுவே எனக்குப் பயம். எக்ஸ்ரே படத்தில் எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையில் ஓடிய கறுப்புக் கோட்டைக் காட்டினா. பழையதைக் கழற்றி, அரிபட்ட எலும்பைச் சீராக்கி, நீளமான தண்டுள்ள புது மூட்டு வைக்க வேண்டும். இரண்டாம் தரம் செய்வது முதல் தரம் போல இல்லை. பக்கத்தில் ஓடுகிற நரம்பு பழுதானால் விரல்கள் விறைக்கலாம், கிருமி பிடிக்கலாம். இதைத் தமிழில் சொல்லச் சொல்ல என்னுடைய சின்ன விரல் விறைத்தது. பிறகு அவ கேட்டா: வாழ்நாள் முழுக்கப் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தோமே, தூக்கினீர்களா? அண்ணை தயங்காமல் "இல்லை" என்றார்.

போன கோடையில் கோயில் தேரன்று நான் மோர்ப்பந்தலில் நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேர்வடத்தின் முன்வரிசையில், இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு போனவர் இதே சிவபாலன் அண்ணை. தெரிந்ததை நானாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஏதோ விளங்காமல் போகிறது என்று பட்டால், இரண்டு பேரிடமும் அதைச் சொல்லிவிட்டுக் கேட்கலாம். டாக்குத்தரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, "அண்ணை, தேர்வடம் பிடிக்கிறதையும் இவ கேக்கிற பாரத்தில சேர்க்கிறதோ?" என்றேன். அவர் என்னை ஒரு விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அது பாரமே தங்கச்சி? சாமி எல்லோ வாறார்."

நான் அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். டாக்குத்தர் தேர் என்றால் என்ன, எவ்வளவு உயரம் என்றெல்லாம் விசாரித்தா. அண்ணை சுகமான கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு, மூட்டு வைத்த அடுத்த வருஷத்திலிருந்து ஒரு தேரும் விடவில்லை, கை சுகமானதற்கு வைத்த நேர்த்தி அது என்று பெருமையாகச் சொன்னார். டாக்குத்தர் பேனையைக் கீழே வைத்தா. சிரிக்கவில்லை. "அவரிடம் சொல்லுங்கள், சாமிக்கும் பாரம் உண்டு."

விழுங்கச் சொன்ன சொல்

சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தத்தில் ஈரல் சரியில்லை என்று வந்தது. அதைத் தொடர்ந்து ஸ்கான், அதற்கு மேல் இன்னொரு ஸ்கான். மறுமுறை என்னைக் கூப்பிட்டது வேறு கட்டடத்துக்கு. கதவில் இருந்த பிரிவின் பெயரை வாசித்தவுடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் வதனி அக்கா என் கோட்டுக் கையைப் பிடித்தா. கர்க்லாண்டில் இருக்கிற மகள் முடிவைக் கம்ப்யூட்டரில் பார்த்துத் தாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். "தங்கச்சி, டாக்குத்தர் அந்தச் சொல்லைச் சொல்லுவார். நீர் அதை மட்டும் விழுங்கிப்போடும். கட்டி எண்டு சொல்லும், காணும், அது போதும். அவர் தாங்கமாட்டார்."

விழுங்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு சொல்தானே. ஆனால் எந்த வருத்தம் என்று தெரியாத மனிதர் எந்த வைத்தியத்துக்கு ஓம் சொல்லுவார்? "அக்கா, என்னால ஏலாது. சொல்லாட்டி அவருக்குத்தான் கூடாது" என்றேன். அவ கையை விடவில்லை. அப்படியே என்னைப் பிடித்தபடிதான் உள்ளே வந்தா.

ஈரலைப் பார்க்கிற டாக்குத்தர் சுருக்கமாகச் சொன்னார். ஈரலின் பின்பக்கத்தில் ஒன்றே ஒன்று, சின்னது. பழைய மஞ்சள்காமாலைக் கிருமி ஒன்று தெரியாமலே உள்ளே இருந்திருக்கிறது. பெரிய இரத்த நாளத்துக்குக் கிட்ட இருப்பதால் வெட்டுவதை விட, கதிர்வீச்சை அந்த ஒரே இடத்துக்குக் குறிவைத்துப் பாய்ச்சுவது நல்லது. அது அடங்கும்வரை முழங்கையைத் தொட மாட்டார்கள். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "அண்ணை, ஈரலில புற்றுநோய் இருக்கெண்டு டாக்குத்தர் சொல்லுறார்." அண்ணை டாக்குத்தரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, இடது கையால் அவவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உமக்கு முன்னமே தெரியுமெண்டு எனக்குத் தெரியும். முந்தநாளிலயிருந்து கறிக்கு உப்பில்லை."

எல்லா ஊரிலும் ஒரு இலை

கதிர் வைத்தியம் தொடங்குவதற்கு முன் மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். ஈரல் முன்னையதைவிட மோசமாக இருந்தது. இரத்த அளவுகள் இப்படியே ஏறினால் தொடங்கவே முடியாது, நல்லாயிருக்கிற ஈரலும் தாங்காது என்றார் டாக்குத்தர். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று போன முறையும் கேட்டிருந்தார். அண்ணை "இல்லை" என்றார், அக்கா "இல்லை" என்றா. அந்த இரண்டு "இல்லை"யையும் நான்தான் பிரெஞ்சில் கொடுத்திருந்தேன்.

நோயாளிகளை ஒவ்வொரு கட்டமாகக் கூட்டிக்கொண்டு போவதற்கென்று ஒரு நர்ஸ் இருந்தா. ஹெயிட்டியில் பிறந்தவ, பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவ கேள்வியை மாற்றிக் கேட்டா: காலையில் எழும்பினதிலிருந்து படுக்கும்வரை வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் சொல்லுங்கள், தண்ணீர் உட்பட. வதனி அக்கா தேத்தண்ணீரில் தொடங்கி, இடியப்பம், சொதி என்று வந்து, "பிறகு கீழ்க்காய்நெல்லி" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டா. நான் நிறுத்தினேன். ஈரலுக்கு நல்லதென்று கடையில் தூளாக விற்கிறார்களாம். காலையிலும் பின்னேரமும் மோரில் கலக்கிக் கொடுக்கிறாவாம். சொந்தக்காரர் எல்லோரும் ஃபோன் எடுத்துச் சொன்னார்களாம். அதோடு, பெயர் தெரியாத இன்னும் இரண்டு தூள்.

"அது மருந்தில்லைத் தங்கச்சி, இலை" என்று அக்கா என்னிடம் கெஞ்சுவது போலச் சொன்னா. நானே கணவனைக் கொன்றுவிடப் பார்த்தேனோ என்கிற பயம் அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. எது காரணம் என்று இப்போது சொல்ல முடியாது, எல்லாத் தூளையும் நிறுத்திவிட்டுப் பார்ப்போம் என்றார் டாக்குத்தர். அந்தக் காத்திருப்பில் அக்கா அரைவாசியாகிவிட்டா. அடுத்த இரத்தத்தில் அளவுகள் இறங்கி வந்தன. நர்ஸ் அதை அக்காவிடம் காட்டி, தோளில் கையைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தபடி சொன்னா: "எங்கள் அம்மாவும் ஈரலுக்கு ஒரு இலை வைத்திருந்தா. எல்லா ஊரிலும் ஒரு இலை இருக்கிறது. அதை முதலில் என்னிடம் சொல்லச் சொல்லுங்கள்."

பச்சை குத்தின மனிதர்

இங்கேதான் முழங்கையும் ஈரலும் சண்டை பிடித்தன. ஈரலுக்குக் கதிர் பாய்ச்சும்போது கை குறுக்கே வரக் கூடாது. அதனால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். ஒத்திகைக்காக மேசையில் படுக்க வைத்தார்கள். இடது கை போனது. வலது கை பாதியில் நின்றது. மூட்டுக்குள் ஏதோ நறுக்கென்றது எனக்கே கேட்டது. நோவுக்குப் பத்தில் எத்தனை என்று கேட்டார்கள். "இரண்டு" என்றார் அண்ணை. நெற்றியெல்லாம் வேர்வை. நான் இரண்டு என்றே சொன்னேன், வேறென்ன செய்ய?

டெக்னீஷியன் பெண் அந்த இரண்டை நம்பவில்லை. வெளியே நின்ற வதனி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டாள். "இவர் இரண்டு எண்டா நீங்கள் எட்டு எண்டு எழுதுங்கோ. கலியாணம் கட்டின நாளிலயிருந்து இவருக்கு எல்லாம் இரண்டுதான்." அப்போதுதான் எனக்கு ஆபத்து விளங்கியது. நோவை அடக்கிக்கொண்டு படுத்திருந்து, நடுவில் கை நடுங்கி உடம்பு அசைந்தால், ஈரலில் அந்தச் சின்ன இடத்துக்குப் போக வேண்டிய கதிர் வேறு இடத்துக்குப் போகும். அவருடைய பொறுமைதான் அவருக்கு எமன்.

கடைசியில் காற்றை உறிஞ்சினால் இறுகிக்கொள்கிற ஒரு மெத்தையில் அவருடைய வலது கை எவ்வளவு வருமோ அவ்வளவுக்குக் குழி செய்து, அதற்கேற்ற மாதிரிக் கதிர் வருகிற திசைகளை மாற்றித் திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் படுக்க வைப்பதற்காக வயிற்றில் ஊசியால் மூன்று சின்னப் பச்சைப் புள்ளிகள். அவர் அதையே நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன யோசிக்கிறார் என்று பயந்துகொண்டு நின்றேன். "மகள் பச்சை குத்தினதுக்கு ஒரு வருஷம் அவளோட கதைக்காம இருந்தனான். இப்ப எந்த முகத்தோட போறது, தங்கச்சி?"

கதவுக்கு இந்தப் பக்கம்

ஈரல் மூச்சோடு ஏறி இறங்கும். அதனால் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும் அந்தச் சில விநாடிகளுக்குள்தான் கதிர் பாயும். எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று மெஷினே பிரெஞ்சில் சொல்லும். அண்ணைக்கு அது விளங்கினாலும், அந்தக் குரலைக் கேட்டதும் பதறி, பிடிக்க வேண்டிய இடத்தில் விட்டுவிட்டார். கடைசியில் என்னை மைக்குக்கு முன்னால் இருத்தினார்கள்.

கதிர் அறையின் கதவை ஒரு தரம் பார்க்க வேண்டும். சுவர் அளவு தடிப்பு. அது மூடும்போது உள்ளே படுத்திருப்பவரைத் தவிர மனிதர் எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். நாங்கள் எல்லோரும் ஓடி ஒளிகிற இடத்தில் அவர் மட்டும் சட்டையில்லாமல் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். திரையில் அவருடைய வயிறும் மூன்று புள்ளிகளும் தெரிந்தன. டெக்னீஷியன் விரலைக் காட்டினாள். "அண்ணை, மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ." அவர் பிடித்தார். நானும் பிடித்தேன். அவர் விட்டுவிட்டால் நான்தான் பிழையாகச் சொன்னேன் என்றாகிவிடுமே என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப விடுங்கோ." அவர் விட்டார். எனக்கு விட மறந்துபோய்க் கண் இருண்டது. டெக்னீஷியன் என் முதுகில் தட்டினாள்.

எல்லா முறையும் நான்தான் போனேன். ஒரு முறை கூட எனக்கு அது பழகவில்லை. முதல் நாள் முடிந்து, அவருடைய வலது கையை மெத்தையிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். நான் தண்ணீர்க் கோப்பையோடு போனேன். அவர் குடித்துவிட்டு, சுற்றி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, உள்ளுக்குள்ள எனக்கு உம்மட குரல் மட்டும்தான் இருக்கு. அது நடுங்கினா நானும் நடுங்குவன். நாளைக்கு நடுங்காமச் சொல்லும்."

பிடித்த மூச்சு

பிறகு காத்திருப்பு. கதிர் வேலை செய்ததா இல்லையா என்று உடனே தெரியாது. மாதக்கணக்கில் பொறுத்துத்தான் ஸ்கான் எடுப்பார்கள். அதற்குள் அண்ணைக்கு வலது கையால் கோப்பை பிடிக்கவும் முடியாமல் போய்விட்டது. மூட்டு ஆடுகிறது, எலும்பு தேய்கிறது. ஈரல் அடங்கவில்லை என்றால் கைக்கு வழியில்லை. அவர் இனி மரக்கறிக் கடையில் நிற்பாரா, தன் கையால் சாப்பிடுவாரா, அடுத்த தேரைப் பார்க்க இருப்பாரா என்பதெல்லாம் ஒரே ஒரு படத்தில் தொங்கின.

இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே வித்தை டாக்குத்தர் உட்காருகிற கதிரையைப் பார்ப்பது. நல்ல செய்தி என்றால் சாய்ந்து இருந்துகொண்டு சொல்லுவார்கள். கெட்டதென்றால் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு வருவார்கள். அன்று டாக்குத்தர் வந்தார், போன்ஜூர் சொன்னார், கதிரையை இழுத்துக்கொண்டு முழங்கால் முட்டுகிற அளவுக்கு வந்தார். முருகா என்று மனதுக்குள் சொன்னேன், அதைப் பிரெஞ்சில் சொல்லத் தேவையில்லை.

அவர் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது. அந்த இடம் படத்தில் இன்னும் தெரிகிறது, ஆனால் அதற்குள் இரத்தம் ஓடவில்லை, அது செத்துவிட்டது. புதிதாக ஒன்றும் இல்லை. இனிமேல் வராது என்று சத்தியம் பண்ண முடியாது, அதனால் விடாமல் பார்த்துக்கொண்டே இருப்போம். முழங்கை டாக்குத்தரிடம் நாள் குறிக்கச் சொல்லிவிட்டேன் என்றார். அவ்வளவுதான். என் முறை வந்தது. நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கண்ணால் மட்டும் வந்தது, பொலபொலவென்று. நானாகச் சேர்த்த நாலாவது விதி என் கண்ணுக்கு முன்னாலேயே போனது.

வதனி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்தா. என் அழுகைக்கு அவ வேறு என்ன அர்த்தம் எடுப்பா? சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் நெஞ்சு பூட்டிக்கொண்டு நிற்கிறது. அண்ணை மட்டும் அசையவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். தனக்கு மரணச் செய்தி வருகிறது என்றுதான் அவரும் நினைத்திருந்தார், அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நான் மைக்கில் சொல்லுகிற அதே நிதானத்தோடு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "தங்கச்சி, பிடிச்சது போதும். மூச்சை விடும். விட்டிட்டுச் சொல்லும், எதெண்டாலும்."

விட்டேன். சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். அடுத்த கிழமை அவருக்கு முழங்கைச் சத்திரசிகிச்சை, என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு இப்போதே வலது கை விறைக்கிறது.

வாயை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற இந்தத் தொழிலில் மூச்சாவது என்னுடையது என்று நினைத்திருந்தேன், அதையும் ஒரு நோயாளி சொன்ன பிறகுதான் விட முடிந்தது.